மலை ஏற அல்ல, மலை இறங்க சைக்கிள் வாங்குங்க

1.
"டாக்டர், போடிமெட்டு போய்ட்டு வர எந்த கியர் சைக்கிள் வாங்கலாம்?"

சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வர்றவர்ல இருந்து பிளஸ் டூ பையன் வரைக்கும் என்கிட்ட கேட்டாச்சு. ஓ.பி.யில ஆளாளுக்குத் துண்டு துண்டா சொன்னதை இங்கே மொத்தமா எழுதிடுறேன். நீளமான பதிவுதான். காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி படிச்சிடுங்க.

2.
என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன்.

ஏறுறதுக்காக சைக்கிள் பார்க்காதீங்க. இறங்குறதுக்காகப் பாருங்க.

ஏற முடியலன்னா இறங்கித் தள்ளிக்கலாம். யாரும் கேலி செய்ய மாட்டாங்க. இறங்கும்போது நிற்க முடியலன்னா நேரா எங்க கேஷுவாலிட்டிதான்.

3.
ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்?

ஒருநாள் நைட் டியூட்டியில ஒரு தம்பியைத் தூக்கிட்டு வந்தாங்க. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) இடது மணிக்கட்டு முறிவு, தாடையில ஆழமான வெட்டு, முன்பல் ரெண்டு இல்லை. கொண்டை ஊசி வளைவுல பிரேக் பிடிச்சும் சைக்கிள் நிக்கல. தடுப்புச் சுவர்ல மோதினதால உயிர் தப்பிச்சது.

அம்மா ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை. அவங்க கேட்ட கேள்வி இன்னும் காதுல இருக்கு.

"இம்புட்டு காசு குடுத்து வாங்குன சைக்கிளு சார். எப்புடி சார் நிக்காமப் போச்சு?"

4.
அந்தக் கேள்விக்குப் பதில் இதுதான்.

போடியில இருந்து போடிமெட்டு ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம். வழியில 17 கொண்டை ஊசி வளைவுகள். 70 கிலோ ஆள், 15 கிலோ சைக்கிள்னு வைங்க. மேல இருந்து கீழ வரும்போது அந்த எடை விடுற சக்தி, சுமார் இரண்டரை லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கப் போதும்.

கொஞ்சம் காத்துல போகும். மிச்சமெல்லாம் உங்க பிரேக்லதான் சூடா இறங்கணும். விரல் நீள ரப்பர் கட்டை, இல்லன்னா கட்டைவிரல் நகம் அளவு பேடு. அதுதான் உங்க உயிரைப் பிடிச்சிட்டு நிக்குது.

5.
இது புதுப் பிரச்சினையும் இல்லை.

மவுண்டன் பைக் விளையாட்டு உருவானதுல பெரிய பங்கு அமெரிக்காவுல கலிபோர்னியா மலைகளுக்கு உண்டு. 1976-ல அங்க சில இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்கள்ல மலையில இருந்து இறங்கிப் போட்டி வச்சாங்க. பெடலைப் பின்னாடி மிதிச்சா பிடிக்கிற பிரேக். ஒரு தடவை இறங்கினாலே சூட்டுல உள்ளே இருக்கிற கிரீஸ் புகைஞ்சு போயிடும். ஹப்பைப் பிரிச்சு மறுபடி கிரீஸ் அடைக்கணும். அதனாலயே அந்தப் போட்டிக்கு 'ரீபேக்'னு பேரு.

அதாவது இந்த விளையாட்டு பிறந்தப்பவே முதல் தலைவலி பிரேக்தான்.

6.
ஆனா கடையில நாம எதைப் பார்க்கிறோம்? ஷாக் அப்சார்பர். முன்னாடி ஒண்ணு, சீட்டுக்குக் கீழே ஒண்ணு. தடி டயர். பளபளன்னு ஸ்டிக்கர்.

விலை குறைவான சைக்கிள்ல இருக்கிற அந்த ஷாக் பெரும்பாலும் வெறும் ஸ்பிரிங். ஏறும்போது உங்க மிதியைக் கொஞ்சம் அது தின்னும். பிரேக் அடிச்சா முன்பக்கம் குப்புற அமுங்கும். எடையும் கூடும். பின் ஷாக் இருந்தா, ஆடித் தேயுற இணைப்புகளும் கூடவே வரும்.

அந்தக் காசை எங்கே மிச்சம் பிடிச்சிருப்பாங்க? பெரும்பாலும் பிரேக்லதான்.

7.
அப்போ எந்த பிரேக்?

முதல் சாய்ஸ், ஹைட்ராலிக் டிஸ்க். ஆயில் அழுத்தத்துல வேலை செய்யும், ரெண்டு விரல் போதும். முன்சக்கரத்துத் தட்டு 160 மி.மீ.யை விட 180 மி.மீ. இருந்தா சூட்டை நல்லாத் தாங்கும்.

அடுத்தது, கம்பி இழுக்கிற நல்ல மெக்கானிக்கல் டிஸ்க்.

மட்டமான டிஸ்க்கை விட நல்ல ரப்பர் போட்ட வி பிரேக் எவ்வளவோ மேல். ஆனா மழையில ரிம் நனைஞ்சா அது பிடிக்க நேரம் எடுக்கும்.

'டிஸ்க்'னு எழுதியிருந்தாலே பாதுகாப்புன்னு நம்பாதீங்க.

8.
கடையிலயே செய்ய வேண்டிய மூணு சோதனை:

லீவரை முழுசா அழுத்துங்க. ஹேண்டில்பாரைத் தொட்டா வேண்டாம்.

முன் பிரேக்கைப் பிடிச்சிட்டு சைக்கிளை முன்னாடி தள்ளுங்க. பின்சக்கரம் தரையை விட்டுத் தூக்கணும்.

எந்தக் கை லீவர் எந்தச் சக்கரத்தைப் பிடிக்குதுன்னு பாருங்க. எல்லா சைக்கிள்லயும் ஒண்ணு போல இருக்காது. பழக்கம் மாறினா, அவசரத்துல கை தப்பா அழுத்தும்.

9.
அளவு. இதுல ஏமாந்தவங்கள்ல நானும் ஒருத்தன்.

தள்ளுபடியில கிடைக்குதுன்னு என் உயரத்துக்குச் சின்னதா இருந்த சைக்கிளை வாங்கினேன். மூணே மாசத்துல முட்டி வலி. டாக்டருக்கே! அப்புறம் பாதி விலைக்குக்கூட வித்துத் தள்ள முடியல.

சைக்கிளுக்கு ரெண்டு பக்கமும் கால் ஊன்றி நில்லுங்க. மேல்குழாய்க்கும் தொடை இடுக்குக்கும் நடுவே ரெண்டு இன்ச்சாவது இடைவெளி வேணும். சீட்டுல உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைங்க. கால் நேரா நீளணும். இறங்கும்போது சீட்டைக் கொஞ்சம் தாழ்த்திக்கலாம்.

"வளர்ற பையன்தானே, பெருசாவே வாங்குவோம்"னு பள்ளிச் சட்டை மாதிரி சைக்கிள் வாங்காதீங்க. லீவர் எட்டாத கை பிரேக் பிடிக்காது.

10.
கியர். "21 கியர்"ங்கிற எண்ணிக்கையில ஒண்ணும் இல்லை. முன்னாடி இருக்கிற சின்னப் பல்சக்கரத்தை விட, பின்னாடி இருக்கிற பெரிய பல்சக்கரத்துக்குப் பற்கள் அதிகமா இருக்கா? அதைப் பாருங்க. முன் 32, பின் 42 இருந்தா முந்தல் தாண்டின பிறகும் உட்கார்ந்தே மிதிக்கலாம். முட்டிக்கு நல்லது.

11.
டயர். தார் ரோட்டுல மட்டும் ஓட்டுறவங்களுக்கு ஆழமான பல் வச்ச டயர் வீண். ஈரத் தார்ல பிடிமானமும் குறையும். மண் பாதைக்கு 2.2 இன்ச் அகலம் நல்லது. டயர் பக்கத்துல அச்சிட்டிருக்கிற காத்து அளவு அதிகபட்சம். அவ்வளவும் அடிக்கணும்னு கட்டாயம் இல்லை.

12.
"அப்போ முன், பின் ஷாக் யாருக்குத்தான் சார்?"

வெளிநாடுகள்ல 'டிரெயில் சென்டர்'னு இருக்கு. 1990-கள்ல வேல்ஸ் நாட்டுக் காடுகள்ல பிரபலமாச்சு. சைக்கிளுக்குன்னே வெட்டின, ஒரு வழிப் பாதைகள். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்புன்னு சிரமத்துக்கு ஏத்த நிறம். கல்லும் வேரும் நிறைஞ்ச சிவப்பு, கறுப்புப் பாதைகள்ல திரும்பத் திரும்ப ஓட்டுறவங்களுக்கு அந்த நல்ல ஷாக் தேவை. அதோட விலையே தனி.

நம்ம ஊர்ல அப்படி ஒரு பாதையும் கிடையாது. இருக்கிறது தார் ரோடு, எஸ்டேட் ரோடு, கூலி வேலைக்குப் போறவங்க நடக்கிற தடம். இதுக்கு முன் ஷாக் மட்டும் உள்ள நல்ல சைக்கிள் தாராளம். ஷாக்கே இல்லாததும் போதும்.

13.
காட்டுப் பாதையில இறங்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2018 மார்ச் 11. குரங்கணி மலைத் தீயில மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோரை இழந்தோம். இந்த ஊர்ல யாரும் மறக்கல. வனத்துறை அனுமதி இல்லாம காட்டுக்குள்ள சைக்கிளை விடாதீங்க. விழுந்தா 108 வந்து சேரவும் வழி இருக்காது.

14.
பசங்களைத் திட்டி மட்டும் பிரயோஜனம் இல்லைன்னும் எனக்குத் தெரியும்.

2023 அக்டோபர்ல ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் எங்க நடந்தது தெரியுமா? நம்ம பக்கத்து மாநிலத்துல, பொன்முடியில. மலையடிவாரத்துல, காட்டுக்கு வெளியே, ஒரு சின்னப் பயிற்சிப் பாதை நமக்கும் வேணும்னு கேட்கிறதுல என்ன தப்பு? விழுந்து பழகுறதுக்கு நெடுஞ்சாலையை விட்டா இடமே இல்லாம இருக்கிறதும் எங்க வார்டுல வந்து சேரும் காரணங்கள்ல ஒண்ணுதான்.

15.
அந்த நெடுஞ்சாலை நம்ம விளையாட்டு மைதானம் இல்லை. காலையில தோட்ட வேலைக்கு ஆள் ஏத்திட்டு ஜீப் மேல போகும், சாயங்காலம் இறங்கும். வளைவுல நீங்க தடம் மாறினா, உங்களைக் காப்பாத்த ஸ்டியரிங்கை ஒடிக்கிற ஜீப்புக்குள்ள எத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்காங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

வளைவுக்கு முன்னாடியே வேகம் குறைங்க. ரெண்டு பிரேக்கும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிங்க. நடுவுல நிறுத்தி ஆற விடுங்க. ஆறுறதுக்குள்ள டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீங்க, விரல் வெந்துடும்.

16.
பிளஸ் ஒன்ல அரசு கொடுக்கிற விலையில்லா சைக்கிள்ல மலை ஏறும் தம்பிகளுக்கு: அது பள்ளிக்கூடம் போய் வர அருமையான வண்டி. எத்தனையோ பெண் பிள்ளைகள் படிப்பை விடாம இருக்க அது காரணம். ஆனா மலை இறக்கத்துக்கு அது இல்லை. அடிவாரத்தோட நிறுத்திக்கங்க.

17.
விழுந்துட்டா?

கை ஊன்றி விழுந்து கட்டைவிரலுக்குக் கீழே வலிச்சா, முதல் எக்ஸ்ரே நார்மல்னாலும் விட்டுடாதீங்க. அந்தச் சின்ன எலும்பு முறிவு சில நேரம் பிறகுதான் தெரியும்.

ஹேண்டில்பார் வயித்துல குத்தினா, வெளியே சிராய்ப்புதானேன்னு வீட்டுல படுக்க வைக்காதீங்க. உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிஞ்சிருக்கலாம்.

தலையில அடிபட்டு வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு இருந்தா உடனே 108.

18.
கையில குறைவான காசுதான் இருக்கா? இந்த வரிசையில செலவு பண்ணுங்க: சரியான அளவு, பிரேக், ஹெல்மெட், கியர், டயர். ஷாக் கடைசி. நல்ல நிலையில இருக்கிற பழைய சைக்கிள், ஷாக் இல்லாதது, புது பிரேக் கட்டை. இது பளபளக்கிற புது வண்டியை விட மேல்.

19.
அந்தத் தம்பி தேறிட்டான். பல் கட்டியாச்சு. மணிக்கட்டு முழுசா மடங்க இன்னும் பிசியோதெரபி நடக்குது.

போன வாரம் வந்து கேட்டான். "சார், மறுபடி ஓட்டலாமா?"

"ஓட்டலாம் தம்பி. ஆனா வாங்குறப்ப என்னையும் கடைக்குக் கூட்டிட்டுப் போ"ன்னேன்.

அவங்க அம்மாதான் முதல்ல சிரிச்சாங்க.

20.
சைக்கிள் ஓட்டுங்க. சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மனசுக்கும் நல்லது. நிக்கிற சைக்கிளா பார்த்து வாங்குங்க.

வீட்டுல பையனுக்கு சைக்கிள் வாங்கப் போறவங்க யாராவது இருந்தா, இதை அனுப்பி வைங்க.