கூட்டாட்சியா, கூண்டாட்சியா?

வீட்டைக் காக்கும் பொறுப்பு நமக்காம். திறவுகோல் மட்டும் தில்லிக்காம்! இதற்குப் பெயர் கூட்டாட்சியாம்!

பொது ஒழுங்கு, காவல்துறை இரண்டும் மாநிலப் பட்டியலில் முதலிரண்டு இடங்களில் உள்ளன. ஏட்டில் உள்ள அந்த உரிமை நாட்டில் உண்டா? 2008ஆம் ஆண்டின் தேசியப் புலனாய்வு முகமைச் சட்டப்படி, அதன் அட்டவணையிலுள்ள குற்றமெனக் கருதினால், மாநிலத்தின் இசைவு பெறாமலே வழக்கைத் தில்லி எடுத்துக்கொள்ளலாம்.

2023 டிசம்பரில் மூன்று குற்றவியல் சட்டங்கள் நிறைவேறின. அதே கூட்டத் தொடரில் எதிர்க்கட்சி உறுப்பினர் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர்! 2024 சூலை முதல் நாள் அவை நடைமுறைக்கு வந்தன. சங்கரன்கோயிலில் விசைத்தறி ஓட்டும் தோழன் நீதி கேட்டுக் காவல் நிலையம் சென்றால், தன்னைக் காக்க வந்த சட்டத்தின் பெயரே அவன் நாவில் நுழையாது: பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா!

"மாநிலங்களைக் கருத்துக் கேட்டோமே" என்பர். கருத்துக் கேட்பது வேறு. இசைவு பெறுவது வேறு. குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. பொது என்றால் இருவர்க்கும் உரியது என்பதன்றோ பொருள்?

ஐரோப்பாவைப் பாருங்கள். இரு உலகப் போர்களில் குருதி சிந்திய நாடுகள், 1993 முதல் நீதி, உள்துறைச் செய்திகளில் கூடிப் பேசி, ஒருமனதாக முடிவெடுக்கத் தொடங்கின. 2009க்குப் பின் பெரும்பான்மை முறை பெரிதும் வந்தது. எனினும், தன் குற்றவியல் முறையின் அடிப்படையையே ஒரு வரைவு தாக்குகிறது என்று ஒரு நாடு முறையிட்டால், அது நிறுத்தப்பட்டு, அரசுத் தலைவர்களின் மன்றத்துக்குச் செல்லும். 2021இல் ஐரோப்பியப் பொது வழக்குத்தொடுப்பு அலுவலகம் பணி தொடங்கியபோது, 27 நாடுகளில் 22 மட்டுமே சேர்ந்திருந்தன. ஒன்றியம் உடைந்தா போயிற்று? போலந்தும் சுவீடனும் 2024இல் தாமே வந்து சேர்ந்தன!

"அவை தனி நாடுகள், இது ஒரே நாடு" என்பர் சிலர். தனித்தனி நாடுகளே ஒன்றையொன்று மதித்து முடிவெடுக்கும்போது, ஒரே நாட்டின் உறுப்புகளை மதிக்கத் தயக்கம் ஏன்?

எல்லை தாண்டும் குற்றத்தை எதிர்க்கக் கூட்டு முயற்சி வேண்டும்; மறுக்கவில்லை நாம். அதற்கு மன்றமும் உண்டு. 1990இல் அமைந்த மாநிலங்களுக்கிடையிலான மன்றம், 2016 வரையிலான 26 ஆண்டுகளில் கூடியது 11 முறை! 1969இல் இராசமன்னார் குழு, 2025இல் குரியன் ஜோசப் குழு. கேள்வி அதுவே, தலைமுறைதான் வேறு.

தோழர்களே! கூட்டு என்றால் கூடி எடுக்கும் முடிவு. ஒருவர் ஆணையிட, மற்றவர் அடிபணிவது கூட்டன்று, கூண்டு. காவல், நீதி பற்றிய சட்டங்கள் மாநிலங்களின் இசைவோடே பிறக்கட்டும். அதுவரை ஓயாது கேட்போம்: கூட்டாட்சியா, கூண்டாட்சியா?