பிரதேச சபைச் செய்திகளில் பிரதேச சபையைக் காணவில்லை

பெரும்போக அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடக்கும் இந்தப் பங்குனி, சித்திரை மாதங்களில் கிழக்கின் கிராமங்களிலிருந்து உள்ளூராட்சிச் செய்திகள் வழமையை விட அதிகமாக வருகின்றன. இம்முறை நோன்பும் பெருநாளும் இதே காலத்தில் வந்து போனதால் இன்னும் அதிகம். வீதி மின்விளக்கு பொருத்தப்பட்டது, வடிகான் துப்புரவு செய்யப்பட்டது, பெருநாள் சந்தைக்கு இடம் ஒதுக்கப்பட்டது, கொங்கிரீட் வீதிக்கு அடிக்கல் நடப்பட்டது. ஒவ்வொரு செய்தியோடும் ஐந்தாறு படங்கள். படத்தின் நடுவில் தவிசாளர், பக்கத்தில் உப தவிசாளர், வட்டார உறுப்பினர், கட்சியின் மத்திய குழு, பின்வரிசையில் எட்டிப் பார்க்கும் இரண்டு சிறுவர்கள்.

இதில் குற்றம் ஒன்றுமில்லை. வேலை செய்தால் அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்தச் செய்திகளைத் தொடர்ந்து வாசித்து வரும் ஒருவன் என்ற வகையில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அந்த வீதியின் நீளம் எவ்வளவு? எத்தனை இலட்சம் ரூபா? பணம் சபையின் சொந்த வருமானமா, மாகாணத்தின் நிதியா, மத்திய அரசின் ஒதுக்கீடா? ஒப்பந்தம் யாருக்கு, எந்தத் திகதிக்குள் முடிக்க வேண்டும்? இவற்றில் ஒன்றாவது இருக்கும் செய்தியை நான் அரிதாகவே பார்க்கிறேன். யார் வந்தார், யார் போனார், யாருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது என்பதெல்லாம் இருக்கிறது. சபை என்ன முடிவெடுத்தது என்பது மட்டும் இல்லை.

இது சிறிய விடயம் என்று நினைப்பவர்கள், நாம் எங்கிருந்து வந்தோம் என்பதைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக் கொள்ள வேண்டும். 2018 பெப்ரவரி 10ஆம் திகதி தெரிவான சபைகள் 2023 மார்ச் 19ஆம் திகதி நள்ளிரவோடு கலைந்தன. அதற்குச் சில நாட்கள் முன்னர், மார்ச் 9இல் நடக்க வேண்டிய தேர்தல் பணம் இல்லை என்ற காரணத்தால் நடக்காமல் போனது. அந்தத் தேர்தலை நடத்தாமல் விட்டது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 22இல் தீர்ப்பளித்தது. பின்னர் 2025 மே 6ஆம் திகதி 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்து, ஜூன் 2ஆம் திகதி புதிய சபைகளின் பதவிக்காலம் ஆரம்பமானது. இடையில் இரண்டு வருடங்களுக்கும் மேல் சபைகளை உத்தியோகத்தர்களே நடத்தினார்கள்.

அந்த இரண்டு வருடங்களில் நம்மில் எத்தனை பேர் சபை இல்லாததை உணர்ந்தோம்? குப்பை வண்டி வந்தது, சில நாள் வரவில்லை. மின்விளக்கு எரிந்தது, எரியாதபோது பள்ளிவாசல் நிருவாகமோ விளையாட்டுக் கழகமோ மாற்றிப் போட்டது. தெரிவு செய்யப்பட்ட ஒரு நிறுவனம் இரண்டு வருடம் இல்லாமல் போயும் ஊர் அதைப் பெரிதாகத் தேடவில்லை என்றால், அது இருந்த காலத்தில் தன்னை மக்களுக்குக் காட்டியிருக்கவில்லை என்பதுதான் அர்த்தம். தேர்தலை ஒத்திவைத்தவர்கள் இந்த மௌனத்தைக் கணக்கில் எடுத்திருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

கல்முனை மக்களுக்கு இந்த வலி மற்றவர்களை விடத் தெரியும். 2025 மே மாதம் நாடெங்கும் வாக்களித்தபோது, நீதிமன்ற வழக்கு காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை. சாய்ந்தமருதுக்குத் தனியான சபை வேண்டும் என்ற கோரிக்கை எவ்வளவு தூரம் போனது என்பதும் நமக்குத் தெரியும். 2018இல் தோடம்பழச் சின்னத்தில் போட்டியிட்ட சுயேட்சைக் குழு 9 ஆசனங்களைப் பெற்றது. 2020 பெப்ரவரியில் நகர சபை வர்த்தமானியில் வந்தது, சில நாட்களிலேயே இரத்தும் ஆனது. ஒரு சபைக்காக வருடக்கணக்கில் வீதியில் இறங்கிய சமூகம் நாம். அப்படிக் கேட்ட சபை கிடைத்த ஊர்களில், அந்தச் சபையின் மாதாந்த அமர்வில் என்ன பேசப்பட்டது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பர் 30ஆம் திகதி முடிந்தது. அதன்பின் மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை, மாகாணம் ஆளுநரின் கையில் இருக்கிறது. ஆகவே இன்று ஒரு கிராமத்தவனுக்கும் பாராளுமன்றத்துக்கும் இடையில் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த ஒரே இடம் உள்ளூராட்சி மன்றம்தான். நம் வாசலுக்கு அருகில் இருக்கும் அந்த ஒன்றும் படங்களுக்குள் மறைந்து போனால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

எங்கள் ஊரில் வயதானவர்கள் இன்றும் பிரதேச சபையை 'வி.சி.' என்றுதான் சொல்வார்கள். பழைய கிராமச் சபையின் பெயர் அது. 1980களின் ஆரம்பத்தில் கிராமச் சபைகள் இல்லாமல் ஆக்கப்பட்டு, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் பிரதேச சபைகள் வந்தன. கிராமச் சபையில் குறைபாடு இருந்திருக்கலாம், ஆனால் உறுப்பினர் அடுத்த வளவில் இருந்தார், சந்திக் கடையில் தேநீர் குடித்தார், கேள்வி கேட்டால் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும். இன்று உறுப்பினர்களின் தொகை கூடியிருக்கிறது. பதில் வட்ஸ்அப் குழுமத்தில் வருகிறது, அதுவும் குழுமத்தின் அட்மின் எந்தக் கட்சி என்பதைப் பொறுத்து.

1987ஆம் ஆண்டுச் சட்டம் பிரதேச சபைக்குக் கொடுத்திருக்கும் பொறுப்பு மூன்று வார்த்தைகளில் அடங்கும்: பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள். இதில் வீதி மட்டும்தான் படத்துக்கு அழகாக வரும். மற்ற இரண்டும் நாற்றமடிக்கும் விடயங்கள், அதனால் செய்தியில் இடம் குறைவு.

குப்பையை எடுத்துக் கொள்வோம். அம்பாறைக் கரையோரத்தில் நம் வீட்டு வாசலில் கட்டி வைக்கும் பொதி எங்கே போகிறது என்று பிள்ளைகளிடம் கேட்டால் 'டிரக்டர் கொண்டு போகும்' என்பார்கள். டிரக்டர் எங்கே கொண்டு போகும்? பல ஊர்களின் குப்பை வருடக்கணக்காகப் பள்ளக்காட்டில்தான் கொட்டப்பட்டது. காட்டோரம், யானைகள் நடமாடும் இடம். 2022 ஜனவரியில் சர்வதேச ஊடகங்கள் அந்த இடத்தின் படங்களை வெளியிட்டன: குப்பை மேட்டில் நின்று பொலித்தீனைத் தின்னும் யானைக் கூட்டம். அதற்கு முந்தைய எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் அந்தக் கழிவைத் தின்று இறந்ததாகச் சொல்லப்பட்டது. யானைகளைத் தடுக்கப் போட்ட மின்சார வேலி 2014இல் மின்னல் தாக்கிப் பழுதாகி, பின்னர் திருத்தப்படவே இல்லை என்றும் அதே செய்திகள் கூறின.

அந்த வேலியைப் பற்றித்தான் நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. வேலி பழுதானதும், திருத்த இவ்வளவு செலவாகும், இன்ன சபை இவ்வளவு தர வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி அந்தந்த ஊர்களில் ஒட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? யாராவது ஒரு உறுப்பினர் அமர்வில் எழும்பிக் கேட்டிருப்பார். பள்ளிவாசல் சம்மேளனம் ஒரு கடிதம் எழுதியிருக்கும். சர்வதேச ஊடகம் வந்து படம் எடுக்கும் வரை, தங்கள் குப்பை போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்பது அதைக் கொட்டியவர்களில் பலருக்குத் தெரியாது. குப்பையைத் தரம் பிரித்துத் தாருங்கள் என்று இன்று ஒலிபெருக்கியில் சொன்னால் சனம் கேட்பதில்லை என்று சபைகள் குறைப்படுகின்றன. பிரித்துக் கொடுத்த பிறகு அது ஒரே பெட்டியில்தான் ஏறுகிறதா, வேறாகத்தான் போகிறதா என்று யாராவது சொன்னால்தானே பிரிக்க மனம் வரும்?

பணத்தின் கதையும் இதுதான். சபைக்குச் சோலைவரி வருகிறது, வியாபார அனுமதிக் கட்டணம் வருகிறது, சந்தைக் கடைகளின் வாடகை, குத்தகை வருகிறது. காணி உறுதி எழுதும்போது கட்டும் முத்திரைத் தீர்வையிலும் நீதிமன்றத் தண்டப் பணத்திலும் ஒரு பங்கு மாகாணத்தின் ஊடாக வர வேண்டும். சில சபைகளில் சோலைவரி நிலுவை மலைபோல் இருக்கிறது. கட்டுபவன் கட்டிக்கொண்டே இருக்கிறான், கட்டாதவன் உறுப்பினரின் உறவினன் என்று ஊரில் பேச்சு. பேச்சு உண்மையா பொய்யா என்று தெரிந்துகொள்ள வழியில்லாததால் அது உண்மையாகவே உலாவுகிறது. வட்டாரம் வாரியாக எவ்வளவு அறவிடப்பட்டது, எவ்வளவு நிலுவை என்று பெயர்கள் இல்லாமல் வெறும் தொகையை மட்டும் வெளியிட்டாலே போதும், பாதி வதந்தி அடங்கிவிடும்.

தவிசாளர்கள் சிலர் சொல்லும் பதில் ஒன்று உண்டு. 'எங்களிடம் ஊடகப் பிரிவுக்கு ஆளில்லை, பணமில்லை.' படம் எடுக்க ஆள் இருக்கிறார்களே என்று திருப்பிக் கேட்கலாம், ஆனால் அது விதண்டாவாதமாகிவிடும். கேட்பது பெரிய ஊடகப் பிரிவு அல்ல. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏ4 தாளில் ஒரு பக்கம். வந்த பணம், செலவான பணம், நிறைவேறிய தீர்மானங்கள், ஆரம்பித்த வேலை, முடியாத வேலை, குப்பை வண்டி எந்த வீதிக்கு எந்த நாள். சபையின் செயலாளர் ஒப்பமிட்டதாக இருக்க வேண்டும், கட்சி நிறம் இருக்கக் கூடாது. பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டலாம். மிம்பரில் வாசிக்க வேண்டாம், அது வேறு பிரச்சினைகளைக் கொண்டு வரும். கோயிலிலும் பன்சலையிலும் ஒட்ட வேண்டும். சம்மாந்துறைப் பிரதேச சபைக்குள் வீரமுனையும் இருக்கிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருக்கும் சபை என்பதற்காக அது முஸ்லிம்களின் சொந்தச் சபையாகிவிடாது. எந்த ஊருக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று எழுத்தில் இருந்தால், பக்கத்து ஊர்க்காரர் நம்மைச் சந்தேகிக்கவும் தேவையில்லை.

பெண் உறுப்பினர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்கு முன் நாட்டின் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் 2 சதவீதத்தையும் எட்டவில்லை. 25 சதவீத ஒதுக்கீடு வந்ததால் நம் ஊர்ச் சபைகளிலும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் அமர்வில் என்ன கேட்டார்கள், என்ன பிரேரணை கொண்டு வந்தார்கள் என்று ஒரு செய்தி தேடிப் பாருங்கள். கிணற்று நீர், வடிகானில் நுளம்பு, பாலர் பாடசாலைக்கு முன்னால் தேங்கும் குப்பை, இவற்றை அதிகம் அறிந்தவர்கள் அவர்கள். படத்தின் ஓரத்திலாவது இருக்கிறார்கள், செய்தியில் அதுவும் இல்லை.

சபை தானாகச் சொல்லாவிட்டால் கேட்டு வாங்கும் வழி சட்டத்தில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களுக்கும் பொருந்தும். சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் கேட்க முடியாது. மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் கொழும்பிலுள்ள ஆணைக்குழு. விண்ணப்பம் எழுதும்போது 'ஊழல் பற்றிய விபரம் தருக' என்று எழுதுவதில் பயனில்லை. இன்ன வீதி, இன்ன வருடம், மதிப்பீட்டு அறிக்கை, கொடுப்பனவு வவுச்சர், ஒப்பந்தக்காரரின் பெயர் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஊரில் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள், முகநூலில் எழுதும் நேரத்தில் கால்வாசி இதற்குப் போதும். மாதாந்த அமர்வைப் பார்வையாளராகப் போய்ப் பார்க்கவும் இடமுண்டு.

மே மாத இறுதியில் ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது. உழ்ஹிய்யாக் கழிவு வருடா வருடம் சில ஊர்களில் வாய்க்காலிலும் கடற்கரையிலும் கிடந்து, பெருநாள் மூன்றாம் நாள் படமாக முகநூலில் வரும். பிறகு சபையும் பள்ளிவாசலும் ஒருவரையொருவர் கை காட்டும். இப்போது ஒன்றரை மாதத்துக்கும் மேல் இருக்கிறது. கழிவு எங்கே புதைக்கப்படும், வண்டி எத்தனை மணிக்கு எந்தச் சந்திக்கு வரும், யாருடைய தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்க வேண்டும், கட்டணம் உண்டா இல்லையா என்பதை ஏப்ரல் அமர்விலேயே தீர்மானித்து, மே மாதம் முதல் வாரத்தில் வீடு வீடாகக் கொடுக்கலாம். எந்தச் சபை முதலில் அந்தத் தாளை அச்சடிக்கிறது என்று பார்ப்போம். தவிசாளர் அவர்களின் படத்தை அதன் மூலையில் போட்டாலும் பரவாயில்லை.