பிள்ளையை வேலைக்கு எடுக்காதீர்கள். பிள்ளையிடம் பொருள் எடுங்கள்

பாடசாலை விடுமுறை தொடங்கினால் எமது பகுதிக் கடை முதலாளிமாரிடம் வழமையாக வரும் வேண்டுகோள் ஒன்றுண்டு. "மகன் வீட்டில் சும்மா இருக்கிறான். ஒரு மாதம் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஏதாவது கொடுத்தால் போதும்." முதலாளியும் தெரிந்த குடும்பம் என்று ஒப்புக்கொள்வார். 13, 14 வயதுப் பையன் மூட்டை தூக்குவான், கடை கூட்டுவான், தேநீர் வாங்கி வருவான். மாத முடிவில் அவன் கையில் சிறு தொகை இருக்கும். ஆனால் வியாபாரத்தில் அவன் கற்றது என்ன என்று கேட்டால் பதில் கிடைக்காது.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம். 1956 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கப் பெண்கள், இளம் ஆட்கள், சிறுவர்களைத் தொழிலுக்கமர்த்தல் சட்டம் 2021 இல் திருத்தப்பட்டு, வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 14 இலிருந்து 16 ஆக உயர்ந்தது. கட்டாயக் கல்வி வயதும் 2016 இலிருந்து 16 வரை நீடிக்கப்பட்டுள்ளது. ஆபத்தானவை எனப் பட்டியலிடப்பட்ட தொழில்களில் 18 வயது வரை எவரையும் அமர்த்த முடியாது. ஆகவே 14 வயதுப் பையனைக் கடையில் சம்பளத்துக்கு வைத்திருப்பவர், எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும், சட்டத்தின் முன் குற்றவாளியே. "எங்கள் காலத்தில் இப்படித்தான்" என்ற பேச்சு தொழிலாளர் திணைக்கள அதிகாரியிடம் எடுபடாது.

இது சிறிய விடயமும் அல்ல. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2016 இல் நடத்திய ஆய்வின்படி நாட்டில் 103,704 சிறுவர்கள் ஏதோவொரு வேலையில் ஈடுபட்டிருந்தனர். அவர்களில் 43,714 பேர் சிறுவர் உழைப்பாளர்கள் என்ற வகைக்குள் அடங்கினர். விடுமுறைக்கென்று கடைக்கு வரும் பையன் கைக்காசு ருசி கண்டு, சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே படிப்பைக் கைவிடுவதும் உண்டு. அன்று கிடைக்கும் சில ஆயிரம் ரூபாவுக்காக அவன் இழப்பது பின்னால் வரவேண்டிய முழு வருமானத்தையும்.

அப்படியானால் இந்த வயதுப் பிள்ளைகள் உழைக்கவே கூடாதா? அதுவும் சரியல்ல. தன் கையால் நாலு காசு சம்பாதிக்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. நாம் கதவை மூடினால் அந்த ஆசை வேறு வழி தேடும். கையடக்கத் தொலைபேசியில் "பதிவுக் கட்டணம் கட்டுங்கள், மூவரைச் சேர்த்துவிடுங்கள், வீட்டிலிருந்தே உழைக்கலாம்" என்று அழைப்பவர்கள் காத்திருக்கிறார்கள். இத்தகைய பிரமிட் திட்டங்கள் வங்கித்தொழில் சட்டத்தின் 83C பிரிவின் கீழ் தடைசெய்யப்பட்டவை. பிள்ளைகளுக்கு அது தெரியாது.

நாம் முன்வைக்கும் யோசனை எளியது. பிள்ளையின் உழைப்பை விலைக்கு வாங்காமல், பிள்ளை தன் வீட்டில், பெற்றோரின் பார்வையில் உண்டாக்கிய பொருளை வாங்குங்கள். முதலாளியாக இருக்க வேண்டாம், வாடிக்கையாளராக இருங்கள்.

ஆலையடிவேம்பையே எடுத்துக்கொள்வோம். கோளாவில், பனங்காடு போன்ற இடங்களில் வளவுள்ள வீடுகளுக்குக் குறைவில்லை. பக்கத்திலேயே அக்கரைப்பற்றுச் சந்தை. மிளகாய், கத்தரி, பப்பாசி நாற்றுகளைப் பையில் வளர்த்து விற்கலாம். பொன்னாங்காணி, வல்லாரைக் கட்டுகள், நாட்டுக்கோழி முட்டை, ஈர்க்கில் விளக்குமாறு ஆகியவற்றுக்கும் சந்தையில் கேள்வி உண்டு. கணிதத்தில் கெட்டிக்காரப் பிள்ளை அயல்வீட்டுச் சிறு பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கலாம்.

கடதாசிப் பை இன்னொரு நல்ல வாய்ப்பு. 2025 நவம்பர் 1 முதல் கைப்பிடியுள்ள பொலித்தீன் பைகளைக் கடைகள் இலவசமாகக் கொடுக்க முடியாது. மாற்றுப் பை ஒவ்வொரு கடைக்கும் தேவை. பழைய பத்திரிகையும் மாப்பசையும் இருந்தால் ஒரு பிள்ளை வீட்டிலிருந்தே பை செய்யலாம். அச்சு மை படும் என்பதால் உணவுப் பொருளுக்கு அது ஆகாது. புடவை, சவர்க்காரம், காகிதாதிப் பொருட்களுக்குப் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கடதாசியைக் கடைக்காரரே கொடுத்து, "நாளைக்கு 500 பை வேண்டும்" என்று கணக்குக் கட்டி, எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்தால் அது வியாபாரம் அல்ல. பெயர் மாறிய கூலி வேலை. வித்தியாசம் எங்கே என்றால், எவ்வளவு செய்வது, எப்போது செய்வது, எவ்விலைக்கு யாருக்கு விற்பது என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் தீர்மானிக்க வேண்டும். பரீட்சை வந்தால் நிறுத்திவிட அவர்களுக்கு முழு உரிமை இருக்க வேண்டும். அதேபோல் வீதியில் நின்று விற்க வைப்பதும் வேண்டாம். ஏ4 வீதியில் வாகனங்கள் ஓடும் வேகம் நாம் அறிந்ததே.

வாங்கும் வியாபாரிக்கும் சில ஒழுங்குகள் உண்டு. பொருள் வந்தவுடன் காசைக் கொடுத்துவிடுங்கள். பெரிய கம்பனிக்கு 30 நாள் தவணை சொல்லலாம், பிள்ளைக்குச் சொல்லக் கூடாது. பிள்ளைதானே என்று அடிமாட்டு விலை கேட்காதீர்கள். பொருள் சரியில்லாவிட்டால் காரணம் சொல்லித் திருப்பிக் கொடுங்கள், அனுதாபத்தில் வாங்காதீர்கள். திருப்பி அனுப்பப்பட்ட ஒரு கட்டுக் கீரை கற்பிக்கும் பாடத்தை எந்தப் புத்தகமும் கற்பிக்காது. இலங்கையில் முழு வயது 18. ஆகவே கடனுக்குச் சாமான் கொடுப்பதாயின் பெற்றோரின் பெயரிலேயே கொடுக்கல் வாங்கல் இருக்கட்டும்.

கணக்குக் கொப்பி மிக முக்கியம். 2,000 ரூபா முதல் போட்ட பிள்ளை 2,900 ரூபாவுக்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். 2,900 ரூபாவும் தன் காசு என்றே பிள்ளை நினைக்கும். முதலை ஒதுக்கி வைத்தால் மிஞ்சும் 900 தான் இலாபம் என்பதைக் கொப்பி காட்டிக் கொடுக்கும். தரம் 10, 11 இல் வணிகமும் கணக்கீட்டுக் கல்வியும் பாடத்தை எடுக்கும் மாணவனுக்கு இது வீட்டிலேயே கிடைக்கும் செய்முறைப் பயிற்சி. இலாபத்தில் ஒரு பங்கைச் சேமிக்கப் பழக்க வேண்டும். 1972 முதல் இயங்கும் தேசிய சேமிப்பு வங்கியிலும் ஏனைய வங்கிகளிலும் சிறுவர் கணக்குகள் உண்டு. வட்டியைத் தவிர்ப்போருக்கு 2011 முதல் அமானா வங்கி இருக்கிறது.

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. அமெரிக்காவில் 1919 இல் தொடங்கிய ஜூனியர் அச்சீவ்மென்ட் அமைப்பு, மாணவர்களே சிறு கம்பனி அமைத்து, பங்கு விற்று, பொருள் செய்து விற்று, இறுதியில் கணக்கு முடிக்கும் முறையைப் பரப்பியது. பெரும் முதலீட்டாளர் வாரன் பஃபெட் சிறுவனாக இருந்தபோது, பாட்டனாரின் பலசரக்குக் கடையில் 6 கொக்கா கோலாப் போத்தல்களை 25 சதத்துக்கு எடுத்து, ஒன்றை 5 சதம் வீதம் விற்றார். இலாபம் 5 சதம்தான். அந்தக் கொடுக்கல் வாங்கலில் கடை பேரனுக்குக் கொடுத்தது கூலி அல்ல, மொத்த விலையில் சரக்கு.

ஆலையடிவேம்பின் பிள்ளை கொண்டுவரும் நாற்றை அக்கரைப்பற்றின் கடைக்காரர் விலை கொடுத்து எடுக்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் வியாபாரியும் நாணயத்தின் பேரில் ஒருவரையொருவர் அறிந்துகொள்கிறார்கள். இரு ஊருக்கும் அதனால் நன்மையே.

எனவே வியாபாரப் பெருமக்களே, அடுத்த விடுமுறைக்கு முன்னர் உங்கள் கடையில் வெளியிலிருந்து வாங்கும் பொருட்களைப் பட்டியலிட்டுப் பாருங்கள். அவற்றில் ஒன்றையாவது அயலிலுள்ள ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்து எடுக்க முடியுமா என்று யோசியுங்கள். பெற்றோர் மகனுக்கு வேலை கேட்டு வரும்போது, "வேலை இல்லை, ஆனால் இந்தப் பொருளைச் செய்து கொண்டுவந்தால் நான் வாங்குகிறேன்" என்று சொல்லுங்கள். அவன் பாடசாலைக்கும் போவான், வியாபாரமும் படிப்பான்.