13 வயசுப் பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்கலாம்? பதில் நம்ம மாவட்டத்திலேயே இருக்கு!

பொதிகை எக்ஸ்பிரஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ டிக்கெட் போட்டாச்சு. ஊரில் அக்கா பையன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். இந்த முறை சட்டைக்குப் பதிலா புத்தகம் வாங்கிட்டுப் போகலாம்னு ஒரு நல்ல எண்ணம். ஆனால் கடையில் எதை எடுக்கிறோம்? பொது அறிவுத் தொகுப்பு, தன்னம்பிக்கை நூல், இல்லைன்னா ஐந்து பாகம் 'பொன்னியின் செல்வன்'.

பையன் “தேங்க்ஸ் மாமா”ன்னு வாங்கி அலமாரியில் வைப்பான். அது அங்கேயே இருக்கும். தப்பு அவன் மேல இல்லை. கதை கேட்கிற வயசில் நாம் கொடுத்தது இன்னொரு பாடம்.

ஏன் இந்த வயசு முக்கியம்?

சின்னப் பிள்ளைக் கதைகள் போரடிக்க ஆரம்பிக்கும். பெரியவங்க நாவல் இன்னும் எட்டாது. கையில் போன் வந்திருக்கும், பொதுத்தேர்வும் டியூஷனும் நெருங்கும். இந்த இடைவெளியில் ருசியான ஒரு புத்தகம் கிடைக்கலைன்னா, வாசிப்பு அப்படியே நின்றுபோகலாம்.

காமிக்ஸ் எல்லாம் வாசிப்பா?

ஆமாம். அதைச் சொல்ல நம்ம மாவட்டத்துக்குத் தனி உரிமையே இருக்கு. 1972-ல் பக்கத்து ஊரான சிவகாசியிலிருந்துதான் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு கிளம்பியது. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. ஒளித்து வைத்துப் படித்து, திட்டு வாங்கி வளர்ந்த அந்தத் தலைமுறையில் பலர் இன்றும் வாசகர்கள். டெக்ஸ் வில்லரும் லக்கி லூக்கும் இப்பவும் தமிழ் பேசுறாங்க. பக்கத்தைத் தானாகப் புரட்ட வைப்பதுதான் முதல் வேலை. அதை காமிக்ஸ் நல்லாவே செய்யும்.

வேறு என்ன வாங்கலாம்?

* வரலாறு பிடிக்குமா? கீழடியைக் களமாகக் கொண்ட உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. 2023-ல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற இளையோர் நாவல்.
* மாயாஜாலம் பிடிக்குமா? விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ்.ராமகிருஷ்ணனின் 'ஏழு தலை நகரம்'.
* நாய் என்றால் உயிரா? ராஜபாளையத்துப் பிள்ளையிடம் கேட்கவே வேண்டாம். தியடோர் பாஸ்கரனின் 'இந்திய நாயினங்கள்' நூலை முழுசா படிக்கச் சொல்லாதீங்க. ராஜபாளையம் நாய் பற்றிய பகுதியை மட்டும் பிரித்துக் காட்டுங்க.
* அறிவியல் ஆர்வமா? தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழ்.

எப்படித் தேர்வு செய்வது?

முதலில் கேளுங்க: “உனக்கு என்ன படம் பிடிக்கும்?” பேய்ப் படமா, துப்பறியும் கதையா, காமெடியா? புத்தகமும் அதே வழியில்தான் போகணும்.

அடுத்து, வகுப்பைப் பார்க்காமல் வாசிப்பு வேகத்தைப் பாருங்க. அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கமே புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என நாலு படிகளாகத்தான் பிரித்திருக்கு. தடுமாறுகிற பிள்ளைக்கு மெல்லிய புத்தகம் கொடுப்பதில் அவமானம் எதுவும் இல்லை.

மூன்றாவது, தேர்வை அவங்க கையில் விடுங்க. ஊர் நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் போகுது. ரெண்டு பக்கம் படித்துப் பிடிக்கலைன்னா மாற்றிக்கட்டும். பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992-ல் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியல் போட்டார். புத்தகத்தைப் பாதியில் விடுவதும் அதில் ஒன்று.

படித்து முடித்ததும் “என்ன கத்துக்கிட்டே?”ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. அந்த ஒரு கேள்வியில் கதை மறுபடியும் பாடமாகிடும். “அப்புறம் என்ன ஆச்சு?”ன்னு கேட்டுப் பாருங்க. அவன் சொல்ல ஆரம்பித்தால், அடுத்த லீவுக்கு என்ன புத்தகம் வேணும்னு அவனே சொல்லிடுவான்.