ஒரு சாய்கோடு, இரண்டு கணக்கு

7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 என்கிறது சி மொழி. ஜாவா, கோ, ரஸ்ட் எல்லாம் அதையேதான் சொல்கின்றன. ஏன் என்று கேட்டால் மூத்த நிரலாளர்கள் கைவசம் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: “ரெண்டும் முழு எண்ணு, அப்போ விடையும் முழு எண்ணுதான். இதுகூடத் தெரியாம எதுக்குய்யா நிரல் எழுத வர்றீங்க?” பல வருஷமாகக் கேட்கிறேன். இதில் விளக்கம் எதுவும் இல்லை, கேட்டவன் வாயை அடைப்பதுதான் நோக்கம்.

முழு எண் வகுத்தல் வேண்டாம் என்று யார் சொன்னது? நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஈவு, மீதி இரண்டும் தெரியும். 17 லட்டை 5 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 3, மீதி 2. அங்கே ‘ஈவு என்ன’ என்று கேள்வியிலேயே இருக்கிறது. சி-யில் ஒரே சாய்கோடு இரண்டு வகுத்தலையும் செய்கிறது. எதைச் செய்யப்போகிறது என்பது அந்த வரியைப் பார்த்தால் தெரியாது. மாறிகளை எங்கோ இருநூறு வரிக்கு மேலே எப்படி அறிவித்தார்கள் என்று தேடிப் போக வேண்டும்.

40 பேரில் 37 பேர் தேர்ச்சி. சதவீதம் காண 37 / 40 * 100 என்று எழுதினால் விடை 0. அதையே 37 * 100 / 40 என்று மாற்றிப் போட்டால் 92. உண்மை 92.5. நிரல் நிற்காது, பிழைச்செய்தியும் வராது. பூஜ்யமாவது பரவாயில்லை, எவராவது பார்த்துப் பதறுவார்கள். அந்த 92-ஐ யார் சந்தேகப்படுவார்?

வழி இல்லாமலும் இல்லை. சி பிறப்பதற்கு முன்பே, 1960-இல், அல்கால் மொழி முழு எண் வகுத்தலுக்குத் தனிக் குறி வைத்திருந்தது. 1970-இல் வந்த பாஸ்கல் ‘டிவ்’ என்று தனிச் சொல்லே வைத்தது.

பைத்தானும் முதலில் சி வழியில் போன மொழிதான். மாறியின் வகையை அறிவிக்கும் வழக்கமே இல்லாத மொழியில் இது இன்னும் மோசம். 2001-இல் மாற்ற முன்மொழிந்தார்கள். 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தபோது / போட்டால் 3.5, // போட்டால் 3 என்று ஆனது. பழைய நிரல்கள் உடைந்தன. உடையட்டும்.

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் மட்டும் நியாயமானது. ஃப்ளோட் எண்ணுக்குத் துல்லிய எல்லை உண்டு: பைத்தான் 3-இல் 9007199254740993-ஐ 1-ஆல் வகுத்தாலே கடைசி இலக்கம் 2 ஆகிவிடும். ஆனால் துல்லியம் வேண்டியவருக்கு // காத்திருக்கிறதே. காமன் லிஸ்ப் இன்னும் ஒரு படி மேல். 7/2 என்று பின்னமாகவே வைத்துக்கொள்ளும்.

‘இது தெரிஞ்ச விஷயம்தானே’ என்பவர்களிடம் -7-ஐ 2-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். சி -3 என்கிறது, பைத்தானின் // -4 என்கிறது. 1999 வரை சி-யின் தரநிலையே இதை முடிவுசெய்யாமல் தொகுப்பிகளின் இஷ்டத்துக்கு விட்டிருந்தது.

கோ மொழியை 2009-இல், பைத்தான் 3 வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில், வெளியிட்டார்கள். முழு எண் மாறியையும் ஃப்ளோட் மாறியையும் சேர்த்து வகுக்க விடமாட்டேன் என்று அது அடம்பிடிக்கும். அதே கோ, 37 / 40 என்று எழுதினால் மறுபேச்சில்லாமல் 0 தருகிறது.