ஏறுவதற்குக் கால்... இறங்குவதற்குக் குதிரை!

கோடை விடுமுறை என்றால் ஊட்டி, கொடைக்கானல் என்றிருந்த நம் வீடுகளில் இப்போது, "இமயமலைக்கு டிரெக்கிங் போறோம்... காட்டுல கூடாரம் போட்டுத் தங்கப் போறோம்" என்கிற பேச்சு கேட்கிறது. சந்தோஷம்! டி.வி. முன்னால் உட்கார்ந்து முறுக்குக் கடிப்பதைவிட மலைக்காட்டுக் காற்று எவ்வளவோ மேல். ஆனால் அடுத்து ஒன்று சொல்கிறார்கள் பாருங்கள், அப்போதுதான் எனக்குப் பகீரென்கிறது: "கவலையே இல்ல டாக்டர்! மூட்டையெல்லாம் குதிரை தூக்கிடும். அப்பாவுக்கும் ஒரு குதிரை சொல்லியாச்சு. மூச்சே வாங்காது!"

மூச்சு வாங்காதுதான். ஆபத்தே அதில்தான் இருக்கிறது!

உத்தராகண்ட் மாநிலத்தில் ஹர் கி தூன் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. நம்மூர்ப் பிள்ளைகளும் இப்போது அங்கே போகிறார்கள். சாங்க்ரி என்ற கிராமத்தில் தொடங்கும் பயணம் அது. பைன், தேவதாரு மரக் காடுகள் வழியே நீங்கள் நடக்க, கோவேறு கழுதைகளும் குதிரைகளும் கூடாரத்தையும் சமையல் சாமானையும் சுமந்து வரும். சாங்க்ரியின் உயரம் 2,000 மீட்டருக்குள்தான். கடைசிக் கூடாரம் போடும் இடமோ சுமார் 3,500 மீட்டர்!

"நான் ஊட்டிக்குப் பத்து தடவை போயிருக்கேன், ஒண்ணும் ஆகலியே" என்று சொல்லாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயரமான ஆனைமுடிச் சிகரமே 2,695 மீட்டர்தான். அதையும் தாண்டி எண்ணூறு மீட்டர் மேலே போய்ப் படுத்துத் தூங்கப் போகிறீர்கள். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராண வாயு, சென்னையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இந்தக் குறைவுக்கு நுரையீரலும் சிறுநீரகமும் ரத்தமும் பழக வேண்டும். அதற்கு மணிக்கணக்கு போதாது, நாள்கணக்கு வேண்டும்.

நடந்து ஏறுகிறவரை அவருடைய காலே கட்டுப்படுத்திவிடும். மூச்சு வாங்கும், உட்காருவார். கால் வலிக்கும், "இன்னிக்கு இது போதும்பா" என்பார். குதிரை மேல் இருப்பவருக்கு இந்த எச்சரிக்கை மணி அடிக்காது. கேதார்நாத்தைப் பாருங்கள். கௌரிகுண்டிலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தைக் குதிரையில் அரை நாளில் ஏறிவிடுகிறார்கள். ஆள் மேலே போய்விடுகிறார், உடம்பு இன்னும் அடிவாரத்திலேயே இருக்கிறது!

அதனால் என் கட்சி இதுதான். ஏறும்போது சுமையைக் குதிரைக்குக் கொடுங்கள், உங்களைக் கொடுக்காதீர்கள். மெதுவாக நடந்தே ஏறுங்கள். 3,000 மீட்டருக்கு மேல், முந்தின இரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் அன்றிரவு தூங்க வேண்டாம். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் தங்கி ஓய்வெடுங்கள். நடந்து ஏறவே முடியாதவர் என்றால், அவருக்கு அந்த உயரம் வேண்டுமா என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத ரத்த அழுத்தம், கடுமையான சோகை இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் கேட்காமல் கிளம்பவே கூடாது.

சரி, குதிரை எதற்கு? இறங்குவதற்கு! தலைவலியோடு குமட்டல், தலைசுற்றல், சாப்பாடு பிடிக்காமை வந்தால் அது 'உயர மலை நோய்' என்று எடுத்துக்கொண்டு, மேலே ஏறுவதை நிறுத்துங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறக்க வேண்டும். நுரையீரலில் நீர் கோத்தவரை நடக்கவிட்டால் நிலைமை மோசமாகும். அவரைக் குதிரையில் வைத்து, இரண்டு பக்கமும் ஆள் பிடித்து இறக்குங்கள். நினைவு தடுமாறுகிறவரைக் குதிரையில் ஏற்றாதீர்கள், தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். இதற்காகவே சுமையில்லாத குதிரை ஒன்று எப்போதும் கூடவே இருக்கட்டும்.

"சித்த வைத்தியத்துல இதுக்கு ஒரு லேகியம் இல்லையா?" என்பீர்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன். சுக்குக் கஷாயம் குளிருக்கு இதம், குமட்டலுக்கும் நல்லது. தாராளமாகக் குடியுங்கள். ஆனால் மலை நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான். அந்த இடத்தில் என் சூரணத்தை நம்பி நேரம் கடத்தாதீர்கள். தூக்க மாத்திரையும் மதுவும் கூடவே கூடாது, இரண்டும் மூச்சை மந்தமாக்கும்.

கூடாரம் போடும் இடத்திலும் கவனம் வேண்டும். குதிரைகள் ஓடையில் இறங்கும் இடத்துக்கு மேல்புறமாகத் தண்ணீர் எடுங்கள். தண்ணீர் அந்த உயரத்தில் 100 டிகிரி வரும் முன்பே கொதித்துவிடும். அதனால் கொதி வந்த பிறகும் மூன்று நிமிடம் அடுப்பிலேயே விடுங்கள். குதிரைச் சாணத்தில் ரண ஜன்னிக் கிருமி இருக்கும். காலில் சின்னக் காயம் என்றாலும் கழுவிக் கட்டுங்கள். டெட்டனஸ் தடுப்பூசியை ஊரிலேயே போட்டுக்கொண்டு கிளம்புங்கள். குளிருக்குப் பயந்து கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். அதிலும் முதலில் வருவது தலைவலியும் வாந்தியும்தான், மலை நோய் என்று ஏமாந்துபோவீர்கள்.

அந்த வாயில்லா ஜீவனையும் பாருங்கள். சேணம் போட்ட இடத்தில் புண் இருந்தாலோ, நொண்டினாலோ, "இது வேண்டாம், வேற குதிரை கொடுங்க" என்று குதிரைக்காரரிடம் சொல்லுங்கள். இரக்கம் மட்டுமல்ல, உங்கள் பாதுகாப்பும்தான். நள்ளிரவில் உங்கள் அப்பாவைக் கீழே கொண்டுவரப் போவது அந்த நாலு கால்கள்தானே!

முன்பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு இரவும் எத்தனை மீட்டரில் தங்குகிறோம்? நடுவில் ஓய்வு நாள் உண்டா? அவசரத்துக்குச் சுமையில்லாத குதிரை கூட வருமா? பதில் சரியாக வராவிட்டால், பயணத்தை ஒத்திப்போடுங்கள். மலை எங்கேயும் ஓடிப் போகாது!