கூடைப் பந்து ஆடுகிறார்கள். கைதட்ட ஆள் இல்லை!

கூடைப் பந்து ஆட்டத்தில் இரும்பு வளையத்துக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கிறது அல்லவா? அந்தப் பலகை எப்படி வந்தது, தெரியுமா?

ரசிகர்களால் வந்தது!

1891-ம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊர். அங்கே ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இருந்தார். வெளியே கடுங்குளிர். மாணவர்கள் கட்டிடத்துக்கு உள்ளேயே ஆட ஒரு விளையாட்டு வேண்டி இருந்தது. பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை எடுத்தார். கூடத்தின் மாடிச் சுவரில், 10 அடி உயரத்தில் அடித்து வைத்தார். பந்தை அதற்குள் போட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

பார்க்க வந்தவர்கள் அந்த மாடியிலே நின்றார்கள். சும்மா நின்றார்களா? தங்கள் கோஷ்டி பந்தை எறிந்தால், கை நீட்டிக் கூடைக்குள் தள்ளி விட்டார்கள். எதிர்க் கோஷ்டி எறிந்தால் தட்டி விட்டார்கள். தொல்லை தாங்க முடியவில்லை. குறுக்கே பலகை வைத்தார்கள்.

ரசிகர்களைத் தடுக்க வந்த அந்தப் பலகை, இன்று கல்லூரிக்குக் கல்லூரி நிற்கிறது. ரசிகர்களைத்தான் காணோம்!

கோவையின் பழைய உறவு

கோவைச் சீமைக்குக் கூடைப் பந்து புதிது அல்ல. சென்னையில் 1920-ம் ஆண்டு ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பல ஊர்களுக்கும் போனார்கள். போன இடத்தில் எல்லாம் இரண்டு கம்பங்களை நட்டார்கள்.

கோவையில் 1947-ல் பூ.சா.கோ. கலைக் கல்லூரி வந்தது. 1951-ல் அதன் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. கூடைப் பந்தும் கூடவே வளர்ந்தது. பி.எஸ்.ஜி. கோப்பை, நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை, பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை என்று அகில இந்தியப் பந்தயங்கள் நடக்கின்றன. ராணுவம், ரெயில்வே, வங்கி என்று பெரிய பெரிய கோஷ்டிகள் வந்து ஆடுகின்றன. 2024 ஜனவரியில் 'கேலோ இந்தியா' இளைஞர் விளையாட்டுகள் தமிழ்நாட்டில் நடந்தபோது, கூடைப் பந்துக்குக் கோவையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

பெரிய பந்தயத்துக்குக் கூட்டம் வருகிறது. ஆனால் கல்லூரிக்கும் கல்லூரிக்கும் நடக்கும் பந்தயத்தைப் போய்ப் பாருங்கள். ஆடுகிறவர்கள் பத்துப் பேர். வெளியே உட்கார்ந்து இருக்கும் மாற்று ஆட்டக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். நடுவர்கள், பயிற்சியாளர்கள், தண்ணீர்க் கேன் தூக்கி வந்த பையன். சிமெண்டுப் படிக்கட்டில் பார்வையாளர் என்று சொல்ல ஒரு கை விரல்கள் போதும்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் செல்போன்தான் உலகம். ஆட்டமாவது, பாட்டமாவது!" என்று பெரியவர்கள் சலித்துக் கொள்கிறார்கள்.

அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பல்லடம் பஸ் நிலையத்தில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மா பார்க்காத ஆட்டம்

பல்லடம் விசைத்தறி ஊர். கறிக்கோழி ஊர். நாட்டில் பல இடங்களில் கறிக்கோழி விற்கும் விலையைப் பல்லடத்தில் இருந்துதான் அறிவிக்கிறார்கள். 2009-ம் ஆண்டில் இருந்து திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் இங்குள்ள பிள்ளைகள் பலர் இன்றைக்கும் கோவைக் கல்லூரிகளுக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். காரணம்பேட்டை, சூலூர், சிங்காநல்லூர் என்று காலையில் போய், அதே வழியில் மாலையில் திரும்புகிறார்கள்.

தறி ஓட்டும் வீட்டுப் பெண் ஒருத்தி கல்லூரிக் கோஷ்டியில் ஆடுகிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஜெயித்து விட்டு இரவு வீடு திரும்புகிறாள். கையில் சின்னக் கோப்பை.

"ஏங்கண்ணு, செயிச்சுட்டீங்களா?" என்று அம்மா கேட்கிறாள்.

"செயிச்சுட்டோமுங்கம்மா."

கோப்பை டெலிவிஷன் பெட்டி மேல் ஏறுகிறது. அதற்குப் பக்கத்தில் போன வருஷத்துக் கோப்பை இருக்கிறது. இரண்டையும் அம்மா தினமும் துடைத்து வைக்கிறாள். ஆனால் மகள் பந்தை எறிந்ததை அவள் ஒருநாள்கூடப் பார்த்தது இல்லை!

ஏன் பார்க்கவில்லை? ஆட்டம் நடந்தது புதன்கிழமை பகல் 2 மணிக்கு. அந்த நேரத்தில் அம்மா தறியில் நின்று கொண்டு இருந்தாள். தறியை நிறுத்தி விட்டுப் போனால் அன்றைய கூலி போய்விடும். சரி, போகட்டும் என்று பஸ் ஏறிப் போனாலும், கல்லூரி வாசலில் காவல்காரர் நிறுத்துவார்.

"வெளியாளுங்களை உள்ளே விடறது இல்லீங்க."

பெற்ற தாய் வெளியாள்!

வந்தால் 'ஆப்சென்ட்'

அம்மாதான் வரவில்லை. கூடப் படிக்கும் தோழிகள் வரலாமே?

இங்கேதான் வேடிக்கை. பரீட்சை எழுத வேண்டுமானால் 75 சதவீத நாட்கள் வகுப்புக்கு வந்திருக்க வேண்டும். கோஷ்டியில் ஆடுகிறவளுக்கு 'ஆன் டூட்டி' என்று எழுதிக் கொள்வார்கள். அவள் வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு. கைதட்டப் போகிற தோழிக்கு அது கிடையாது. அவளுக்கு 'ஆப்சென்ட்' விழும். வருகைப் பதிவு குறைந்தால் அபராதம் கட்ட வேண்டும். இன்னும் குறைந்தால் பரீட்சையே இல்லை.

எந்தப் பெண் போவாள்?

இதில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. முன்பு இரண்டு கல்லூரிகள் மோதினால், ஏதாவது ஒரு கல்லூரியின் மைதானத்தில் ஆடுவார்கள். அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். இப்போது ஒரே கல்லூரியில் எல்லாக் கோஷ்டிகளையும் கூட்டி, இரண்டு மூன்று நாளில் பந்தயத்தை முடித்து விடுகிறார்கள். செலவு மிச்சம்தான். ஆனால் ஆடுகிற இரண்டு கல்லூரிகளுக்குமே அது அயல் ஊர். மைதானத்தைக் கொடுத்த கல்லூரியின் மாணவர்களுக்கோ, ஜன்னலுக்கு வெளியே யாரோ யாருடனோ ஆடுகிறார்கள்.

வகுப்பு முடிந்த பிறகாவது நின்று பார்க்கலாம் அல்லவா? கல்லூரி பஸ் மணி அடித்தாற்போல் கிளம்பி விடும். அதை விட்டால் சிங்காநல்லூர் போய், கூட்டத்தில் தொங்கிக் கொண்டு பல்லடம் வந்து சேர இரவாகி விடும். சில பையன்களுக்கு மாலையில் வேலை வேறு இருக்கிறது. பனியன் கம்பெனியில் செக்கிங், கடையில் பில் போடுவது என்று நாலு காசு சம்பாதித்துத்தான் படிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே செல்போன்மீது மட்டும் பழி போடுவது நியாயம் இல்லை. செல்போனில் கூடைப் பந்து பார்க்கும் பிள்ளைகள் இருக்கவே இருக்கிறார்கள். ஸ்டீபன் கர்ரி வெகு தூரத்தில் இருந்து பந்தை எறிவதை, விடியற்காலையில் எழுந்து பார்க்கிறார்கள். அமெரிக்க ஆட்டம் வாசல் கேட்டில் அடையாள அட்டை கேட்பது இல்லை!

இதே பிள்ளைகள் இரவு 2 மணி வரை...

"எங்கள் ஊர் ஜனங்களுக்கு விளையாட்டு பார்க்கப் பொறுமை இல்லை" என்று யாராவது சொன்னால், அவர்களைப் பல்லடம் சுற்று வட்டாரத்தில் கபடிப் பந்தயம் நடக்கும் இரவில் அழைத்துப் போக வேண்டும்.

கோவில் நோம்பியை ஒட்டிக் கபடி நடக்கும். ஒலிபெருக்கி அலறும். டியூப் லைட் வெளிச்சம். தறி ஷிப்டு முடித்த ஆட்கள் பஞ்சுத் தூசி படிந்த தலையோடு வந்து நிற்பார்கள். பெண்கள் குழந்தைகளை மடியில் போட்டுக் கொண்டு உட்கார்ந்து இருப்பார்கள். இரவு 2 மணி ஆனாலும் கூட்டம் கலையாது. வள்ளிக் கும்மி அரங்கேற்றத்துக்கும் இதே கூட்டம்தான். பேத்தி ஆடுகிறாள், பாட்டி முன்வரிசையில் இருக்கிறாள்.

என்ன வித்தியாசம்? கபடியில் ஒலிபெருக்கி ஊர்ப் பெயரைச் சொல்கிறது. நேரம், உழைக்கும் ஜனங்கள் வரக் கூடிய நேரம். வாசல் என்று ஒன்று இல்லை.

கூடைப் பந்து பட்டணத்து விளையாட்டு, சிற்றூருக்கு ஒட்டாது என்றும் ஒரு பேச்சு உண்டு. தேனி மாவட்டம் பெரியகுளத்தைப் பாருங்கள். பல்லடமும் பெரியகுளமும் ஏறக்குறைய ஒரே அளவு நகராட்சிகள். அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியக் கூடைப் பந்துப் பந்தயம், பல பத்து ஆண்டுகளாகக் கோடை காலத்தில் நடந்து வருகிறது. மின்னொளியில், இரவில் ஆடுகிறார்கள். மா, தென்னை விவசாயிகள் நிறைந்த ஊர். அங்கே ஒட்டிய விளையாட்டு பல்லடத்துக்கு ஒட்டாதா?

அமெரிக்காவிலும் இதே கதை

கல்லூரிக் கூடைப் பந்துக்குப் பெயர் போன நாடு அமெரிக்கா. அங்கேயும் 2007-ம் ஆண்டுக்குப் பிறகு, ஆண்கள் ஆட்டங்களுக்கு வரும் சராசரிக் கூட்டம் பல வருஷங்கள் குறைந்துகொண்டே போனது. டெலிவிஷன் கம்பெனிக்கு வசதியாக ராத்திரி 9 மணிக்கு ஆட்டம் வைத்தார்கள். எல்லா ஆட்டத்தையும் வீட்டில் இருந்தே பார்க்கலாம் என்று ஆயிற்று. மாணவர்கள் அறையிலேயே இருந்து விட்டார்கள்.

ஆனால் 2023 அக்டோபர் 15-ந் தேதி ஓர் அதிசயம் நடந்தது. அயோவா என்ற மாநிலத்தில், பெண்கள் ஆட்டம். அதுவும் கணக்கில் சேராத வெள்ளோட்ட ஆட்டம். கால்பந்து மைதானத்தில், திறந்த வெளியில் வைத்தார்கள். வந்தவர்கள் 55 ஆயிரத்து 646 பேர்!

அந்தக் கோஷ்டியின் நட்சத்திரம் கெய்ட்லின் கிளார்க். அவள் அதே மாநிலத்தில் பிறந்து வளர்ந்த பெண். வேறு பெரிய கல்லூரிக்குப் போகாமல் சொந்த மாநிலத்திலேயே ஆடினாள். சோளக் காட்டு விவசாயிகள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 2024-ல் கல்லூரிப் பெண்கள் இறுதிப் பந்தயத்தை டெலிவிஷனில் 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதிப் பந்தயத்தைப் பார்த்தவர்கள் 1 கோடியே 48 லட்சம் பேர்தான்.

'நம்ம ஊர்ப் பொண்ணு' என்றால் அயோவாவிலும் கூட்டம் வரும், அவினாசியிலும் கூட்டம் வரும்.

கூட்டம் இல்லாவிட்டால் என்ன?

"கைதட்டல் இல்லாவிட்டால் குடியா முழுகிப் போகும்? ஆட்டக்காரர்கள் ஆடி விட்டுப் போகட்டுமே!" என்று கேட்கலாம்.

முழுகிப் போவது இதுதான். யாரும் பார்க்காத விளையாட்டுக்குக் கல்லூரி பணம் ஒதுக்க யோசிக்கும். வளையத்தில் வலை கிழிந்தால் மாற்ற மாட்டார்கள். சிமெண்டுத் தளம் வெடித்தால் பூச மாட்டார்கள். பிறகு ஒருநாள் அந்த இடத்தில் கார் நிறுத்துவார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளை காசு கட்டி வேறு இடத்தில் ஆடும். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரி மைதானத்தை விட்டால் வேறு இடம் இல்லை.

அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் என்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல. கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடம், படிப்புச் செலவில் சலுகை, பிறகு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 3 சதவீத ஒதுக்கீடு எல்லாம் அந்தப் பந்தில் இருக்கிறது. இந்தியப் பெண்கள் கோஷ்டிக்குத் தலைமை தாங்கிய தமிழ்நாட்டு வீராங்கனை அனிதா பால்துரைக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவரைப் போல இன்னொருத்தி பல்லடத்தில் இருக்கலாம். இருந்தாலும் ஊருக்குத் தெரியாது.

செய்யக் கூடியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. எல்லாப் பந்தயத்தையும் மாற்ற வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு மூன்று பந்தயங்களை மட்டும் வாசல் கேட்டுக்கு வெளியே கொண்டு வரலாம். தறிக்குச் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. ஞாயிறு மாலை 6 மணிக்குப் பல்லடத்தில் ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தில் ஆட்டத்தை வைக்கலாம். ஆடுகிறவர்களின் பெயரோடு ஊர்ப் பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்லலாம். பார்க்க வரும் மாணவ-மாணவிகளுக்கு அரை நாள் 'ஆன் டூட்டி' கொடுப்பதால் எந்தப் பல்கலைக் கழகமும் நொடித்துப் போகாது.

பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கல்லூரிக்காரர்கள் சொல்வதைத் தள்ளி விட முடியாது. அது நியாயமான கவலை. ஆனால் காலி மைதானத்தைவிட, தாய்மார்கள் நிறைந்த மைதானம் எந்த விதத்தில் பாதுகாப்புக் குறைந்தது?

விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் செலவு? கபடிக்குக் கோழிப் பண்ணைக்காரரும் தறி முதலாளியும் நன்கொடை கொடுக்கிறார்கள். கேட்டால் இதற்கும் கொடுப்பார்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை.

ஆட்டம் கால் கால் மணி அல்ல. பத்துப் பத்து நிமிஷமாக நான்கு பகுதி. இடைவேளையோடு சேர்த்து ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்து விடும். 6 மணிக்குத் தொடங்கினால், ஏழரை மணிக்கு அம்மாவும் மகளும் ஒன்றாக நடந்தே வீட்டுக்குப் போய் விடலாம். கோப்பையை அம்மா தூக்கி வருவாள்.